பனிக்கால வாக்ஸ் ஏன் நிற்கவில்லை? கார் காட்டும் குறியை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது

ரொறன்ரோவில் டிசம்பர் பிறந்ததும் சாலைகளில் உப்பு லாரிகள் இறங்கிவிடும். நெடுஞ்சாலை 401இல் அரை மணி நேரம் ஓடிவிட்டு வந்தாலே கறுப்புக் கார் சாம்பல் நிறமாகிவிடும். அந்த உப்பும் சேறும் பெயிண்டில் ஒட்டிப் பிடிக்காமல் இருக்கத்தான் குளிருக்கு முன்னால் வாக்ஸ் போடுகிறோம். போட்டவர்களில் பலர் ஜனவரியில் கேட்பது ஒரே கேள்விதான்: "அக்டோபரில்தானே போட்டேன், அதற்குள் எங்கே போனது?" கேட்ட கையோடு இன்னும் விலை கூடிய டப்பா ஒன்றைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். நான் பார்த்த வரையில் டப்பாவின் மேல் குற்றம் இருப்பது அபூர்வம். பெயிண்ட் சரியாகச் சுத்தமாகவில்லை, குளிர் அதிகமாக இருந்தது, பூச்சு தடித்துவிட்டது, காய நேரம் கொடுக்கவில்லை. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் காரணம். எது என்பதைக் காரைப் பார்த்தே சொல்லிவிடலாம். கீழே ஒவ்வொரு குறியாக எழுதியிருக்கிறேன். உங்கள் காரில் தெரிவதை மட்டும் தேடிப் படித்தாலும் சரி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வாக்ஸ் காப்பது பெயிண்ட் அடித்த மேற்பரப்பை மட்டும்தான். காரின் அடிப்பகுதித் துருவை அது தடுக்காது. அதற்கு ஆண்டுதோறும் அடிக்கும் துருத்தடுப்பு எண்ணெய் வேண்டும். கல் தெறித்துப் பெயிண்ட் பெயர்வதையும் தடுக்காது. இந்த இரண்டையும் வாக்ஸிடம் எதிர்பார்த்தால் எந்த டப்பா வாங்கினாலும் ஏமாற்றம்தான்.

எதை வாங்குவது

கர்னோபா என்பது வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும், நல்ல கடினம், பளபளப்பும் ஆழமாக வரும். ஆனால் தனிக் கர்னோபா உப்புச் சாலையில் நெடுநாள் நிற்பதில்லை. சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மாதம். கோடையில் ஆசைக்குப் போடலாம், குளிருக்கு வேண்டாம்.

குளிருக்கு மூன்று வழி இருக்கிறது. ஒன்று, செயற்கைப் பாலிமரால் ஆன காப்புப் பூச்சு, அதாவது சீலன்ட். நான்கு முதல் ஆறு மாதம் வரை எதிர்பார்க்கலாம். இரண்டாவது, கர்னோபாவும் பாலிமரும் கலந்த வகை. நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் இருக்கும் கொலினைட் நிறுவனத்தின் 845 என்ற திரவ வாக்ஸும் 476எஸ் என்ற டப்பா வாக்ஸும் குளிர் நாடுகளில் பல காலமாகப் பெயர் வாங்கியவை. ஜப்பானின் சாஃப்ட்99 நிறுவனத்தின் ஃபுஸோ கோட்டும் நெடுநாள் உழைப்பதற்காகவே வாங்கப்படும் சரக்கு. அதன் டப்பாவில் 12 மாதம் என்று போட்டிருக்கும். இங்கே ஒரு முழுக் குளிர்காலம் தாண்டினாலே காசு செரித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, சிலிக்கா கலந்த செராமிக் ஸ்பிரே. போடுவது சுலபம், திட்டு விழுவதும் சுலபம்.

முதல் முறை போடுகிறவருக்கு நான் சொல்வது 845தான். மெல்லியதாகப் பரவும், துடைக்கச் சுலபம், சின்னத் தவறுகளை மன்னித்துவிடும். 476எஸும் ஃபுஸோவும் இன்னும் கூட நாள் நிற்கும். ஆனால் கொஞ்சம் அசந்தால் துடைக்க முடியாமல் தோள் வலிக்க வைத்துவிடும்.

எப்போது போடுவது என்பதும் எதைப் போடுவது என்பதற்குச் சமமான விஷயம். காற்று மட்டுமல்ல, கார்த் தகடும் 10 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். இங்கே அக்டோபரின் தேங்ஸ்கிவிங் நீண்ட வார இறுதி அதற்கு நல்ல நாள். நவம்பர் முதல் வாரத்தைத் தாண்டிவிட்டால் கதகதப்பான கராஜ் உள்ளவர்களுக்குத்தான் அது வசதிப்படும்.

குறி: துடைத்துத் துடைத்துப் பார்த்தும் மங்கல் போகவில்லை, கோடு கோடாக இழுபடுகிறது

இது போட்ட அன்றே தெரியும் கோளாறு. பத்தில் ஒன்பது தடவை பூச்சு தடித்ததுதான் காரணம். பெயிண்டைத் தொட்டுப் பிடிக்கும் மெல்லிய அடுக்கு மட்டும்தான் காரில் தங்கும். அதற்கு மேல் நீங்கள் பூசியதெல்லாம் துணிக்குத்தான் போகும். தடித்த பூச்சில் மேல்தோல் காய்ந்துவிடும், அடியில் கரைப்பான் சிக்கிக்கொண்டு பிசுபிசுப்பாகவே கிடக்கும். துணி போட்டால் அது இழுபடும்.

எவ்வளவு மெல்லியதாக என்றால், 845 எனில் நுரை ஸ்பாஞ்சில் பட்டாணி அளவில் இரண்டு சொட்டு. பானட்டில் பாதிக்கு அது போதும். டப்பா வாக்ஸ் எனில் ஈரப்பதமாகப் பிழிந்த ஸ்பாஞ்சை டப்பாவில் வைத்துக் கால் சுற்றுச் சுற்றினால் போதும். பூசிய இடத்தைக் குனிந்து சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணாடியில் மூச்சு விட்டால் படியும் ஆவி அளவுக்குத்தான் தெரிய வேண்டும். நிமிர்ந்து நின்று பார்க்கும்போதே வெள்ளையாகத் தெரிந்தால் அது தடிப்பு.

எப்போது துடைப்பது என்பதற்கு விரல் சோதனை இருக்கிறது. சுத்தமான விரலால் பூச்சின் நடுவே ஒரு கோடு இழுங்கள். கோடு பளிச்சென்று, ஓரம் வெட்டினாற்போல் நின்றால் துடைக்கலாம். ஓரங்கள் குழைந்து விரலோடு வந்தால் இன்னும் கொஞ்சம் விடுங்கள். 845க்கு இது சரியாக வரும். 476எஸ், ஃபுஸோ இரண்டையும் அப்படி முழுதாகக் காயவிடாதீர்கள். ஒரு கதவு பூசி முடித்து ஸ்பாஞ்சைக் கீழே வைத்ததும் அந்தக் கதவைத் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முழுக் காரையும் பூசிவிட்டுத் திரும்பி வந்தால் முதல் கதவில் அது கெட்டியாகப் பிடித்திருக்கும்.

ஏற்கெனவே பிடித்துவிட்டதா? பலத்தைக் காட்டாதீர்கள். அதே வாக்ஸை அந்த இடத்தில் மட்டும் இன்னொரு தடவை மெல்லியதாகத் தடவி உடனே துடையுங்கள். புதிய வாக்ஸில் இருக்கும் கரைப்பான் பழையதை இளக்கிவிடும். க்விக் டீடெய்லர் என்று விற்கும், துடைத்துப் பளபளப்பாக்கும் ஸ்பிரே இருந்தால் அதுவும் உதவும். துணியையும் மாற்றுங்கள். வாக்ஸ் நிறைந்த துணி எதையும் எடுக்காது, இங்கிருந்து அங்கே நகர்த்தும், அவ்வளவுதான்.

பூச்சு மெல்லியதாக இருந்தும் இப்படி ஆனால் தகட்டில் கை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் குளிர்தான் காரணம். காரைச் சிறிது நேரம் இளவெயிலில் நிறுத்தி, தகடு கதகதப்பானதும் மறுபடி துடையுங்கள். அக்டோபர் மாலையில் இன்னொன்றும் நடக்கும். சூரியன் சாய்ந்ததும் தகடு காற்றைவிட வேகமாகக் குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஈரம் அதன் மேல் படியும். அந்த ஈரத்தின் மேல் பூசியது ஒட்டாது. அதனால் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணிக்குள் முடிப்பது நல்லது.

குறி: 845 பாட்டிலைக் கவிழ்த்தால் எதுவும் வரவில்லை

கெட்டுப்போகவில்லை. குளிரில் உறைந்து தடித்துவிட்டது. மூடியை இறுக்கி, சூடான குழாய்த் தண்ணீர் நிறைந்த வாளியில் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். பிறகு நன்றாகக் குலுக்குங்கள். அடுப்பிலும் மைக்ரோவேவிலும் வைக்கவே கூடாது, அதில் எளிதில் தீப்பற்றும் கரைப்பான் இருக்கிறது.

குறி: இரண்டு மூன்று வாரத்திலேயே தண்ணீர் முத்து முத்தாக நிற்பதில்லை

எல்லோரும் பதறுவது இதற்குத்தான். தண்ணீர் முத்தாக நிற்காததால் வாக்ஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. வாக்ஸின் மேல் அழுக்குப் படலம் ஒன்று படிந்திருந்தாலும் தண்ணீர் தட்டையாகப் பரவும். குளிர்காலத்தில் அப்படிப் படலம் படிய வழி நிறைய. சாலையிலிருந்து எழும் எண்ணெய்ப் புகை, டீசல் கரி, உப்பு. எல்லாவற்றுக்கும் மேலே முன் கண்ணாடியில் அடிக்கும் வாஷர் திரவம். மைனஸ் 40 என்று போட்டு விற்கும் அந்த நீலத் தண்ணீரில் சோப்பும் உண்டு. ஓடும்போது அடித்தால் காற்றில் சிதறிக் கூரையிலும் பக்கக் கதவுகளிலும் விழும், நின்றபடி அடித்தால் வழிந்து பானட் ஓரத்தில் தேங்கும்.

ஆகவே முதலில் சோதியுங்கள். பானட்டில் ஒரு பக்கத்தை மட்டும் நல்ல கார் ஷாம்பூவில் கழுவி, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். இந்த ஷாம்பூவில் வாக்ஸ் கலந்திருக்கக் கூடாது. கலந்திருந்தால் அது விடும் படலமே தண்ணீரை உருட்டி உங்களை ஏமாற்றிவிடும். இப்போது இரண்டு பக்கத்திலும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.

கழுவிய பக்கத்தில் முத்து திரும்ப வந்துவிட்டால் வாக்ஸ் பத்திரமாக இருக்கிறது. காரை முழுதாக ஒரு தடவை ஒழுங்காகக் கழுவினால் போதும், கடைக்குப் போக வேண்டியதில்லை.

கழுவிய பக்கத்திலும் தண்ணீர் தட்டையாகப் பரவி மெதுவாகக் காய்ந்தால் வாக்ஸ் போய்விட்டது, அல்லது முதலிலேயே ஒட்டவில்லை. எது என்று பிரித்துப் பார்க்க ஒன்றை யோசியுங்கள். போட்ட முதல் வாரம் எப்படி இருந்தது? முதல் மழையிலேயே திட்டுத் திட்டாக இருந்தால் ஒட்டவில்லை. நன்றாக இருந்து பிறகு குறைந்திருந்தால் எதுவோ கழற்றியிருக்கிறது.

ஒட்டாததற்குக் காரணம் அநேகமாக அடியில் இருந்த மிச்சம். பாலிஷ் போட்ட பிறகு அதன் எண்ணெய் பெயிண்டில் தங்கிவிடும், பழைய வாக்ஸும் அரைகுறையாக இருக்கும். அவற்றின் மேல் சீலன்ட் பிடிக்காது. பாத்திரம் கழுவும் சோப்பால் பழைய வாக்ஸை எடுத்துவிடலாம் என்று நம் ஆட்கள் பலர் நம்புகிறார்கள். ஆனால் அது எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்று நம்ப முடியாது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் 15 சதவீத அளவுக்குக் கலந்து, அல்லது பெயிண்டிலிருந்து எண்ணெய் எடுக்க 'பேனல் வைப்' என்று கடையில் விற்கும் திரவத்தை வாங்கி, மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துப் பகுதி பகுதியாகத் துடைத்துவிட்டுப் பூசுங்கள்.

போட்டதும் நனைத்துவிட்டாலும் இதே கதைதான். சீலன்ட் இறுக நேரம் வேண்டும். முதல் பூச்சுக்கும் இரண்டாம் பூச்சுக்கும் நடுவில் குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் விடுங்கள். அந்த நேரம் கார் மழையில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வானிலை பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

நன்றாக இருந்து பிறகு போனது என்றால், எங்கே கழுவுகிறீர்கள் என்று பாருங்கள். தூரிகை தொடாத தானியங்கிக் கழுவகங்கள், கை வைக்காமலே அழுக்கைக் கிளப்ப வேண்டும் என்பதற்காகக் காரமான வேதிப்பொருளை அடிக்கின்றன. உப்பு அப்பிய காரை அப்படியே விடுவதைவிட அங்கே போவது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வாக்ஸில் கொஞ்சம் தேயும் என்று கணக்கில் எடுங்கள். அடிக்கடி போகிறவர்கள் அக்டோபரில் இரண்டு பூச்சாகப் போடுவது நல்லது.

குறி: பானட்டில் நன்றாக இருக்கிறது, கதவின் கீழ்ப் பாதியிலும் டிக்கியிலும் இல்லை

சக்கரம் அள்ளி அடிக்கும் சேறு வெறும் தண்ணீர் அல்ல. அதில் மணலும் உப்புப் பரலும் உண்டு. சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பகுதியை அது நாள் முழுவதும் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. பின்கதவில், கார் ஓடும்போது பின்னால் உண்டாகும் காற்றுச் சுழல் சேற்றை இழுத்து அப்புகிறது. எஸ்யுவி, மினிவேன் வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வாக்ஸின் தவறு இல்லை என்பதால் மருந்தும் எளிது. முழுக் காருக்கும் ஒரு பூச்சு. சக்கரத்துக்குப் பின்னால், கதவின் கீழ் மூன்றில் ஒரு பங்கு, முன் பம்பர், பின்கதவு ஆகிய இடங்களுக்கு மறுநாள் இன்னொன்று. கதவைத் திறந்து உள் விளிம்புகளிலும் ஒரு கை போட்டுவிடுங்கள். உப்பு தங்குவது அங்கேதான், யாரும் பார்ப்பதில்லை.

இதே இடத்தில் மஞ்சள் கலந்த எண்ணெய்க் கோடு வழிந்திருந்தால் அது வேறு சங்கதி. துருத்தடுப்பு எண்ணெய் அடித்த பிறகு கதவின் அடித் துளைகளிலிருந்தும் இணைப்புகளிலிருந்தும் சில நாள் எண்ணெய் கசிந்துகொண்டிருக்கும். அதன் மேல் பூசிய வாக்ஸ் பிடிக்காது. எண்ணெயை முதலில் அடியுங்கள், கசிவு நின்ற பிறகு கழுவி, கீழ்ப்பகுதியை ஆல்கஹால் கலவையால் துடைத்து, அப்புறம் வாக்ஸ் போடுங்கள். இந்த வரிசைக்காகவே எண்ணெய் வேலையைச் செப்டம்பரில் முடித்துவிடுவது வசதி.

குறி: வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளிகள், கழுவினாலும் போகவில்லை

கார் துருப்பிடிக்கிறது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இவை வெளியிலிருந்து வந்த இரும்புத் துகள்கள். பிரேக்கிலிருந்து பறப்பவை, தண்டவாளத்திலிருந்து பறப்பவை. ரொறன்ரோவின் 'கோ' புறநகர் ரயில் நிலையத்தில் தினமும் காரை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களின் கார்களில் இது கூடுதலாக இருக்கும். சூடான துகள் பெயிண்டின் மேற்புறத்தில் குத்திக்கொண்டு, ஈரம் பட்டதும் அங்கேயே துருப்பிடிக்கிறது. கறுப்புக் காரிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இதைப் பார்க்காமல் மேலே வாக்ஸ் போட்டால் துகளையும் சேர்த்து மூடுகிறீர்கள். கையில் மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை மாட்டிக்கொண்டு, கழுவி ஈரமாக இருக்கும் பானட்டில் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்கு வழவழப்பாகத் தெரிந்த பெயிண்ட், பைக்குள் இருக்கும் விரலுக்கு ரவை ஒட்டியதாகச் சொரசொரக்கும். அப்படி இருந்தால் 'இரும்பு நீக்கி' என்ற ஸ்பிரேயை அடியுங்கள். துகள் இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும், நாற்றமும் அடிக்கும். காயவிடாமல் அலசுங்கள். தார்ப் புள்ளி இருந்தால் தார் நீக்கி. மிச்சம் இருக்கும் சொரசொரப்புக்கு, துகளை ஒட்டி எடுக்கும் களிமண் போன்ற கிளே பார். நிறைய வழுக்குத் திரவம் விட்டு, அழுத்தாமல், நேர்கோட்டில் தேயுங்கள். கிளே தரையில் விழுந்துவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் ஒட்டிய ஒரு மணல் போதும் பெயிண்டைக் கிழிக்க.

இந்த வேலைக்கு அரை நாள் போகும். வாக்ஸ் போடுவதற்கு அதில் பாதி நேரம்கூட ஆகாது. ஆனால் ஏப்ரல் வரை அது நிற்பதும் நிற்காததும் இந்த அரை நாளில்தான் இருக்கிறது. டப்பாவுக்குச் செலவழிக்க நினைத்த காசில் பாதியை இரும்பு நீக்கிக்கும் கிளேக்கும் நல்ல துணிகளுக்கும் திருப்புங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

குறி: ஒரு கோணத்தில் வானவில் நிறத் திட்டு

செராமிக் ஸ்பிரேயை அதிகமாக அடித்துவிட்டு முழுதாகப் பரப்பாமல் விட்டதன் அடையாளம். கறுப்பு, கருநீலக் கார்களில் நன்றாகத் தெரியும். அன்றைக்கே பார்த்தால் அதே ஸ்பிரேயைத் துணியில் கொஞ்சம் அடித்து அந்த இடத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் முடியுங்கள். நாள் கடந்திருந்தால் லேசான பாலிஷ்தான் வழி. இனிமேல் தகட்டில் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள்.

குறி: கறுப்புப் பிளாஸ்டிக்கில் வெள்ளைக் கறை

வாக்ஸ் சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் குழிகளில் காய்ந்துவிட்டது. ஆல்கஹால் கலவை, மென்மையான பல் துலக்கி, பொறுமை. சின்னக் கோடு என்றால் பென்சில் அழிரப்பரே எடுத்துவிடும். அடுத்த முறை பிளாஸ்டிக் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

குறி: வைப்பர் தடதடக்கிறது, இரவில் எதிர் வெளிச்சம் கலங்குகிறது

முன் கண்ணாடியில் வாக்ஸ் பட்டிருக்கிறது. இது அழகுப் பிரச்சினை அல்ல, ஆபத்து. உடனே ஆல்கஹால் கலவையால் கண்ணாடியையும் வைப்பர் ரப்பரையும் துடையுங்கள். வாக்ஸ் துடைத்த துணியைக் கண்ணாடிக்கு எடுக்கவே வேண்டாம்.

குறி: கழுவிய பிறகும் வெள்ளைக் கோடுகள், கதவு உறைந்து திறக்கவில்லை

வெள்ளைக் கோடு என்றால் உப்பு முழுதாக அலசப்படவில்லை. சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரி அளவுக்குக் கீழே போனால் பனியை உருக்கத் திணறும். அதனால் கடுங்குளிரில் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு ஆகியவற்றையும் பயன்படுத்துகிறார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். சாலை காய்ந்த நாளிலும் உங்கள் கார் ஈரமாகவே இருக்கும். அந்தக் காரைச் சூடான கராஜில் கழுவாமல் நிறுத்திவைப்பது நல்லது செய்வதாகத் தோன்றும். உண்மையில் வெளியே உறைந்து கிடப்பதைவிட, உப்பும் ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடத்தில்தான் துரு வேகமாக ஓடும். கராஜ் உள்ளவர்கள் கழுவிவிட்டு உள்ளே விடுங்கள்.

குளிர் நாளில் கழுவும் முறை இது. வெப்பம் பூச்சியத்துக்கு மேல் ஏறும் நாளைப் பாருங்கள். காசு போட்டு நீங்களே கழுவும் இடத்துக்குப் போங்கள். துணியைத் தொடுவதற்கு முன் பிரஷர் தண்ணீரால் மேலிருந்து கீழே அடியுங்கள். சக்கர வளைவுக்குள்ளும் அடிப்பகுதியிலும் அதிக நேரம் கொடுங்கள். உப்புப் பரலை உலர்ந்தபடி துடைப்பது பெயிண்டில் மணற்தாள் போடுவதற்கு ஒப்பு. அங்கே சுவரில் தொங்கும் நுரைத் தூரிகையை எடுக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவரின் மணல் அதில் இருக்கும்.

முடித்ததும் எல்லாக் கதவையும் டிக்கியையும் திறந்து, ரப்பர் ஓரங்களைத் துணியால் துடையுங்கள். அந்த ரப்பரில் அக்டோபரிலேயே சிலிகான் கிரீஸ் தடவியிருந்தால் கதவு உறைந்து ஒட்டாது. ஒட்டிவிட்டால் கைப்பிடியைப் பிடித்து இழுக்காமல், கதவை வெளியிலிருந்து உள்நோக்கி உடலால் அழுத்துங்கள், பனி உடைந்து விடும். வெந்நீர் ஊற்றக் கூடாது. கண்ணாடி வெடிக்கும், ஊற்றிய நீரும் உறையும்.

குறி: ஜனவரி நடுவில் வாக்ஸ் உண்மையிலேயே போய்விட்டது

மைனஸ் 10இல் டப்பா வாக்ஸ் போட முயலாதீர்கள். அது வேலைக்கு ஆகாது. இதற்கென்றே ஈரக் காரில் அடித்து அலசும் சிலிக்கா ஸ்பிரேக்கள் உண்டு. கொரியாவின் கார்ப்ரோ நிறுவனத்தின் ஹைட்ரோ2 அவற்றில் ஒன்று. கழுவி முடித்த ஈரக் காரில் ஒரு பக்கமாக மெல்லிய தூவல், உடனே பிரஷர் தண்ணீரால் அலசல், அப்புறம் அடுத்த பக்கம். காய்ந்த பெயிண்டில் அடித்தாலோ, அலசத் தாமதித்தாலோ கறை பிடித்துவிடும். ஜனவரியிலும் பனி இளகும் நாள் ஒன்றிரண்டு வரும். அன்றைக்கு இதைச் செய்தால் சில வாரம் தாக்குப்பிடிக்கலாம். அக்டோபரில் செய்த வேலைக்கு இது ஈடாகாது என்றாலும் ஒன்றுமில்லாததற்கு நல்லது. பலர் நேரடியாக மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். உப்பு மிகுதியாகக் கொட்டப்படும் பிப்ரவரியில் கார் வெறுமையாக நிற்கிறது.

குறி: முடிக்கீறல் போன்ற வட்டக் கோடுகள்

பனி தள்ளும் தூரிகையின் வேலை. தடித்த பிளாஸ்டிக் மயிர் உள்ளதை விட்டு, நுரைத் தலை உள்ளதை வாங்குங்கள். பெயிண்டைத் தொட்டுத் தேய்க்காமல் மேலே ஒரு விரல் கனம் பனியை விட்டுத் தள்ளுங்கள். நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் கோட் மொத்தமே 50 மைக்ரான் அளவுதான், வாக்ஸ் அதிலும் மிக மெல்லியது. பிளாஸ்டிக் மயிரை அது நிறுத்தாது.

குறி: பெயிண்டில் கொப்புளம், தொட்டால் உதிர்கிறது

இங்கே வாக்ஸின் எல்லை முடிந்தது. கல் பட்ட இடத்தில் உப்பு நுழைந்து, பெயிண்டுக்கு அடியில் துரு பரவியிருக்கிறது. மேலே எதைப் பூசினாலும் உள்ளே அது ஓடிக்கொண்டே இருக்கும். கல் பட்ட புள்ளி கொப்புளம் ஆவதற்கு முன்பே, அதாவது செப்டம்பரில், காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு புள்ளியையும் தேடுங்கள். பானட்டின் முன் ஓரம், சக்கர வளைவின் உதடு, பின்கதவின் கீழ் விளிம்பு. சுத்தம் செய்து, காரின் நிறக் குறியீட்டுக்குப் பொருந்தும் டச் அப் பெயிண்டை நுனி மெலிந்த குச்சியால் தொட்டுவையுங்கள். நிறக் குறியீடு அநேகமாக ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும்.

கொப்புளம் வந்தே விட்டது என்றால் பாடி ஷாப்புக்குக் கொண்டுபோங்கள். துருவைத் தகடு தெரியச் சுரண்டி, பிரைமர் அடித்துப் பெயிண்ட் போட வேண்டும். புதிதாக அடித்த அந்த இடத்தில் உடனே வாக்ஸ் வேண்டாம். தொழிற்சாலைப் பெயிண்ட் அதிக வெப்பத்தில் சுட்டு இறுகியது. பட்டறையில் அடித்ததோ உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வாரக்கணக்கில் நேரம் எடுக்கும். எத்தனை நாள் என்று அடித்தவரிடமே கேட்டு, அந்த நாள் முடிந்த பிறகு போடுங்கள். அந்தக் காத்திருப்பும் அக்டோபருக்கு முன்னால் முடிய வேண்டும் என்பதால், பாடி வேலை இருப்பவர்கள் கோடை முடிவதற்குள் காரைக் கொடுத்துவிடுங்கள்.